யானை வைத்தியமும் பாகனின் கண்ணும்

யானையின் உடல் மருத்துவருக்கு எளிதில் பிடிகொடுப்பதில்லை. தோல் சில இடங்களில் ஓர் அங்குலத் தடிமன். ஸ்டெதாஸ்கோப்பை மார்பில் வைத்தால் இதயத் துடிப்பு மங்கலாகத்தான் கேட்கும். நாடி பார்க்க வேண்டுமானால் காதின் பின்புறம் ஓடும் ரத்தக்குழாயைத் தேட வேண்டும். காய்ச்சல் இருக்கிறதா என்று அறிய, அப்போதுதான் விழுந்த லத்திக்குள் வெப்பமானியைச் செருகிப் பார்ப்பதும் உண்டு. மூன்று, நான்கு டன் எடையுள்ள விலங்கை மேசைமேல் கிடத்திச் சோதிக்க வழியில்லை. ஆகவே யானை வைத்தியத்தில் மருந்துக்கு முந்தியது கண். யானை எப்படி நிற்கிறது, எதைத் தின்ன மறுக்கிறது, இரவில் படுத்ததா இல்லையா என்பவையே நோயின் முதல் செய்திகள்.

நலமாக இருக்கும் யானை ஒரு கணமும் சும்மா நிற்காது. காது விசிறிக்கொண்டே இருக்கும், வால் ஆடும், துதிக்கை எதையாவது துழாவும், மண்ணை வாரி முதுகில் போட்டுக்கொள்ளும். கால் நகங்களுக்கு மேலே உள்ள விளிம்பில் ஈரம் கசிந்திருக்கும். நோயுற்ற யானையிடம் இந்த அசைவுகள் ஒவ்வொன்றாக அடங்கும். துதிக்கை தொங்கும், கவளத்தை வாங்கி வாயில் வைத்துக்கொண்டு மெல்லாமல் நிற்கும், வழக்கமாகப் படுக்கும் நேரத்திலும் படுக்காமல் விடியும்வரை நின்றபடியே இருக்கும். வயிற்றுவலி வந்த யானை அடிக்கடி படுத்து எழும், உடம்பை முறுக்கும். இவற்றையெல்லாம் முதலில் பார்ப்பவர் பாகன். மருத்துவர் வந்து சேர்வதற்குள் பாதி நோயறிதல் முடிந்திருக்கும். யானை மருத்துவத்தின் வரலாற்றில் பெரிய முன்னேற்றங்கள் பலவும் பாகனின் இந்தக் கண்ணை மருத்துவம் மதித்த காலங்களில் நிகழ்ந்திருக்கின்றன.

இந்திய மரபு யானை வைத்தியத்தின் ஆதி ஆசிரியராகச் சொல்வது பாலகாப்பிய முனிவரை. அவர் பெயரில் வழங்கும் நூல் ஹஸ்த்யாயுர்வேதம். அங்க நாட்டு மன்னன் ரோமபாதனுக்கு முனிவர் உரைத்ததாக அமைந்த பெருநூல் அது. பயிரை அழித்த யானைக் கூட்டத்தை மன்னன் பிடித்துக் கட்டிவைக்கிறான். அந்த யானைகளோடு காட்டில் வாழ்ந்துவந்த முனிவர் தேடிக்கொண்டு வந்து அவற்றின் புண்களுக்கு மருந்திடுகிறார் என்று கதை போகிறது. முதல் யானை மருத்துவர் கூட்டத்தோடு கூட்டமாக வாழ்ந்தவர் என்று மரபு கருதியதை வெறும் புராணமாகத் தள்ளிவிட முடியாது. அர்த்தசாஸ்திரத்திலும் யானைகளுக்கென்று ஓர் அதிகாரியும் அவருக்குக் கீழே மருத்துவரும் வருகிறார்கள். யானைக்குக் குளியல் எப்போது, தீனி எப்போது, உறக்கம் எப்போது என்று அதில் கால ஒழுங்கு வகுக்கப்பட்டிருக்கிறது.

கேரளத்தில் பெரிதும் பயின்ற வடமொழி நூல் நீலகண்டரின் மாதங்கலீலை. பன்னிரண்டு படலங்களே கொண்ட சிறிய நூல் அது. யானையின் குணவகை, மதம், பிடிக்கும் முறை, பேணும் முறை, பாகனுக்குரிய தகுதி ஆகியவை தனித்தனிப் படலங்களில் வருகின்றன. காட்டிலிருந்து புதிதாகப் பிடித்துவந்த யானை பழைய வாழ்வை நினைத்து மனம் நொந்து, கட்டும் அடியும் சேர, சில நாட்களிலேயே செத்துப்போகவும் கூடும் என்று அது எச்சரிக்கிறது. பிடிபடுவது யானையின் ஆயுளைக் குறைக்கும் என்பதை நவீன அறிவியல் 2018-இல் எண்களைக் கொண்டு காட்டியது.

ஐரோப்பிய முறையிலான கால்நடை மருத்துவம் குதிரையைச் சுற்றி வளர்ந்தது. உலகின் முதல் கால்நடை மருத்துவப் பள்ளி பிரான்சின் லியோன் நகரில் 1762-இல் வகுப்புகளைத் தொடங்கியது. குதிரைப் படையின் தேவையும் அதற்கு ஓர் உந்துதல். இந்தியாவுக்கு வந்த ஆங்கிலேய ராணுவக் கால்நடை மருத்துவர்களும் குதிரை வைத்தியம் படித்தவர்களே. இங்கே பீரங்கி இழுக்கவும் கூடாரம் சுமக்கவும் யானைகள் இருந்தன. அவர்களுள் ஜான் ஹென்றி ஸ்டீல் என்பவர் யானையின் நோய்களையும் பராமரிப்பையும் பற்றிய கையேட்டை 1885-இல் சென்னையில் வெளியிட்டார். மறு ஆண்டே பம்பாய்க் கால்நடை மருத்துவக் கல்லூரியை நிறுவியவரும் அவர்தான். சென்னைக் கல்லூரி 1903-இல் வந்தது. பர்மாவில் ஜி. எச். எவன்ஸ் எழுதிய யானை நோய் நூல் 1910-இல் ரங்கூன் அரசு அச்சகத்தில் அச்சானது. பிறகு பல பத்தாண்டுகள் அதுவே கைநூல். முதுகுப் புண், கால் அழுகல், அடைப்பான், வயிற்றுப் புழு எனப் படைமுகாமிலும் காட்டில் மரம் வெட்டும் மரக்கூப்பிலும் கண்ட நோய்கள் இவற்றில் ஒழுங்காகப் பதிவாயின.

பிடிக்கும் முறைகளோ கொடியவை. மைசூரில் ஜி. பி. சாண்டர்சன் 1874-இல் நடத்திக்காட்டிய கெட்டா, கூட்டத்தையே வளைத்து அடைத்துப் பிடிப்பது. காகனகோட்டையில் கடைசிக் கெட்டா நடந்தது 1971-இல். ஆனைமலைப் பக்கம் குழி வெட்டிப் பிடித்தார்கள். குழியில் விழும் யானைக்கு எலும்பு முறிவும் உட்காயமும் நேர்ந்தன. கயிறு அறுத்த புண்களில் புழு வைத்தது. பிறகு பட்டினி, அடி, கட்டு. அன்றைய மருத்துவர்களின் உழைப்பில் பெரும்பகுதி, பிடிப்பதிலும் பழக்குவதிலும் மனிதர் உண்டாக்கிய காயங்களை ஆற்றுவதிலேயே கழிந்தது.

இதற்கு மாற்று பர்மாவின் தேக்குக் காடுகளில் உருவானது. பம்பாய் பர்மா வணிகக் கழகத்தில் 1920-இல் வேலைக்குச் சேர்ந்த ஜே. எச். வில்லியம்ஸ் கால்நடை மருத்துவம் படித்தவர் அல்லர். தொடக்க நாட்களில் இறந்துபோன ஒரு கிழட்டு யானையின் உடலை அறுத்துப் பார்த்தே அதன் உள்ளுறுப்புகளைக் கற்றுக்கொண்டார். அவருக்கு மெய்யான ஆசிரியர்கள் ‘ஊஸி’ என்று அழைக்கப்பட்ட பர்மியப் பாகர்கள். அங்கே வேலை முடிந்ததும் யானையின் முன்னங்கால்களில் தளை பூட்டி, கழுத்தில் மரமணி கட்டி, இரவுக்குக் காட்டில் விட்டுவிடுவார்கள். அது தானே மேய்ந்து, காட்டு யானைகளோடும் கலந்து, மறுநாள் காலையில் எங்கோ சில மைல் தள்ளி நிற்கும். பாகன் அடிச்சுவடு பார்த்துத் தேடிப் போவார். போகும் வழியிலேயே சோதனை தொடங்கிவிடும். லத்தி இறுகிக் கிடக்கிறதா, இளகிக் கிடக்கிறதா, எந்த மூங்கிலை ஒடித்துத் தின்றிருக்கிறது, எங்கே படுத்திருந்தது, ஒரு காலின் தடம் மற்றவற்றைவிட லேசாகப் பதிந்திருக்கிறதா? யானை கண்ணில் பட்டதும் நேரே போய்விட மாட்டார். சற்றுத் தள்ளி நின்று குரல் கொடுத்து, பாட்டுப் பாடி, தான் வந்திருப்பதைத் தெரிவித்துவிட்டு, அதுவாக வெளியே வரக் காத்திருப்பார். திடுக்கிட்ட யானையை அன்று முழுவதும் நம்ப முடியாது என்பது அவருக்குத் தெரியும்.

முகாமில் பிறக்கும் குட்டிகளை அந்நாளைய நிறுவனங்கள் சுமையாகவே கருதின. தாய்க்கு ஓய்வு இல்லை; பால் வற்றும்; குட்டி சாகும். வேலைக்கு வேண்டிய யானையைக் காட்டிலிருந்து பிடித்து, அடித்துப் பணியவைத்தார்கள். ஆனால் போ டோக் என்ற பாகன், 1897-இல் முகாமில் பிறந்த பண்டூலா என்ற களிற்றைக் குட்டியிலிருந்தே பரிசும் பரிவும் காட்டிப் பழக்கியிருந்தார். அதன் உடலில் பிடிபட்ட யானைகளின் தழும்புகள் இல்லை. சுபாவத்தில் முரட்டுத்தனமும் இல்லை. அதைக் கண்ட வில்லியம்ஸ், குட்டிகளுக்குப் பயிற்சிப் பள்ளியும் நோயுற்றவற்றுக்கு யானை மருத்துவமனையும் வேண்டும் என்று நிறுவனத்தோடு வாதாடி நிறைவேற்றினார். அடியில் பழகிய யானை புண்ணைத் தொடவிடாது. பரிவில் பழகிய யானை கட்டி கீறும்போதும் நிற்கும். அவர் கண்ட பெரிய மருத்துவ உண்மை இதுதான்.

பர்மிய முறை இன்னொரு செல்வத்தையும் விட்டுச்சென்றது. ஒவ்வொரு யானைக்கும் எண், ஒவ்வொன்றுக்கும் பதிவேடு. பிறப்பா, பிடிபட்டதா, யாருக்குப் பிறந்தது, எப்போது நோய், எப்போது சாவு என்று நூறாண்டுக்கு மேற்பட்ட குறிப்புகள் அவற்றில் சேர்ந்தன. 2008-இல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வு அவற்றை ஐரோப்பிய உயிரியல் பூங்காக்களின் பதிவுகளோடு ஒப்பிட்டது. பூங்காவில் பிறந்த ஆசியப் பெண் யானைகளின் இடைநிலை ஆயுள் 18.9 ஆண்டு, மியான்மரின் மரக்கூப்பு யானைகளுக்கு 41.7 ஆண்டு. பூங்கா யானைகளுக்கு எக்ஸ்ரே உண்டு, ஆய்வகம் உண்டு, பட்டம் பெற்ற மருத்துவர் உண்டு. கூப்பு யானைகளுக்கு இருந்தவை காடு, கூட்டம், நடை, அருகிலேயே ஒரு பாகன். 2018-இல் 5,150 யானைகளின் பதிவுகளை அலசிய மற்றோர் ஆய்வு, காட்டிலிருந்து பிடிக்கப்பட்டவை முகாமில் பிறந்தவற்றைவிட 3 முதல் 7 ஆண்டுகள் குறைவாக வாழ்ந்ததைக் காட்டியது. பிடிபட்டதற்கு அடுத்த ஆண்டுகளில்தான் சாவின் அபாயம் மிக அதிகம். மாதங்கலீலை சொன்னது பொய்க்கவில்லை.

தமிழ்நாட்டு முகாம்களும் ஏறக்குறைய இந்த வழியில்தான் நடந்தன. ஆனைமலையில் டாப்சிலிப், வரகளியாறு, கோழிகமுத்தி, முதுமலையில் தெப்பக்காடு. பாகர்களும் அவர்களுக்குத் துணையான காவடிகளும் பெரும்பாலும் மலசர், குறும்பர், காட்டுநாயக்கர் குடிகளைச் சேர்ந்தவர்கள். அப்பனிடமிருந்து மகனுக்கு வந்த தொழில். மாலையில் ராகி, கொள்ளு, அரிசி, வெல்லம், உப்பு சேர்ந்த கவளத்தை ஊட்டி, சங்கிலி இழுபட யானையைக் காட்டுக்குள் மேயவிட்டு, காலையில் சங்கிலித் தடம் பார்த்துத் தேடிக் கூட்டி வருவார்கள். இரவில் பிடிகள் காட்டுக் கொம்பன்களோடு சேர்ந்தன. குட்டிகள் முகாமிலேயே பிறந்தன.

இந்த முகாம்களின் மருத்துவராகப் பல பத்தாண்டுகள் பணியாற்றியவர் வி. கிருஷ்ணமூர்த்தி. 1929-இல் பிறந்து 2002-இல் மறைந்த அவரை வன ஊழியர்கள் டாக்டர் கே என்பார்கள். ஜெயமோகனின் ‘யானை டாக்டர்’ கதை அவரைத் தமிழ் வாசகர்களிடம் கொண்டு சேர்த்தது. காட்டில் செத்துக் கிடக்கும் ஒவ்வொரு யானையையும் அறுத்துப் பார்த்துச் சாவின் காரணத்தைப் பதிய வேண்டும் என்பதில் அவர் காட்டிய பிடிவாதம் பேர்போனது. பாகர்களின் சொல்லையும் முகாம் பதிவேடுகளையும் அவர் சமமாக மதித்தார். அவரும் யானை ஆய்வாளர் ஆர். சுகுமாரும் வேறு இருவரும் சேர்ந்து 1997-இல் வெளியிட்ட ஆய்வு, தென்னிந்திய வளர்ப்பு யானைகளின் நூறாண்டுப் பதிவுகளைக் கணக்கிட்டது. காட்டிலிருந்து புதிதாகப் பிடிக்காமலேயே தம் எண்ணிக்கையைக் காத்துக்கொள்ளும் அளவுக்கு மரக்கூப்பு முகாம் யானைகள் ஈன்றிருந்தன. கோயில் யானைகளிடையே குட்டி பிறப்பது அரிதாகவே இருந்தது. தனியாகக் கட்டிவைத்த பிடிக்குத் துணைக் களிறு எங்கிருந்து வரும்?

முகாம்களில் இன்னொரு வழக்கமும் உண்டு. காயம்பட்ட காட்டு யானைக்கு ஊசி போடவோ புண் கழுவவோ வேண்டுமென்றால் இருபுறமும் பழக்கிய முகாம் யானைகளான கும்கிகளை நிறுத்துவார்கள். கும்கி நோயாளியை அசையாமல் பிடிக்கிறது. கூடவே அதன் அச்சத்தையும் தணிக்கிறது. வடதாய்லாந்தில் 26 யானைகளைக் கவனித்து 2014-இல் வெளிவந்த ஆய்வு, ஒரு யானை கலங்கும்போது மற்றவை நெருங்கி வந்து துதிக்கையால் அதன் முகத்தையும் வாயையும் தொட்டு, மெல்லிய குரல் எழுப்பித் தேற்றுவதைப் பதிவுசெய்தது. பாகர்களும் இதே போலத் தேற்றியதுண்டு. பலரைக் கொன்ற ஒரு மக்னா, அதாவது தந்தமில்லாத ஆண் யானை, 1998-இல் கூடலூர்ப் பகுதியில் பிடிபட்டது. உடலில் காயங்களோடு வந்து சேர்ந்தது. தெப்பக்காட்டு மரக்கூண்டான கராலில் வைத்துப் புண்களை ஆற்றினார்கள். கட்டைகளின் இடைவெளி வழியே கரும்பும் வெல்லமும் நீட்டி, பேச்சுக் கொடுத்துப் பாகர் அதைப் பழக்கினார். மூர்த்தி என்ற பெயரோடு கால் நூற்றாண்டுக் காலம் அது அந்த முகாமில் சாதுவாக வாழ்ந்தது.

மதம் பற்றிய கதை தனியே சொல்லத்தக்கது. கன்னப்பொறியிலிருந்து நீர் ஒழுக, சிறுநீர் சொட்ட, களிறு கட்டுக்கடங்காமல் நிற்கும் நிலையைச் சங்கப் புலவர்கள் நன்கு அறிந்திருந்தார்கள். மாதங்கலீலை அதைப் படிப்படியாக விவரித்து, வலிய களிற்றின் இயல்பாகக் கொள்கிறது. மேனாட்டவருக்கு அது நெடுநாள் பித்தாகவே தெரிந்தது. 1962 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஓக்லஹோமா நகர உயிரியல் பூங்காவில், மதத்தைச் செயற்கையாக வரவழைத்துப் பார்க்கலாம் என்று எண்ணிய ஆய்வாளர்கள், டஸ்கோ என்ற ஆசியக் களிற்றுக்கு 297 மில்லிகிராம் எல்எஸ்டி செலுத்தினார்கள். சில நிமிடங்களில் விழுந்து, இரண்டு மணி நேரத்துக்குள் இறந்தது டஸ்கோ. யானையை மனநோய் மருத்துவத்தின் சோதனைப் பொருளாகப் பார்த்தவர்கள், அதன் சொந்த வாழ்க்கைச் சுழற்சியைப் பார்க்கத் தவறினார்கள்.

சரியான விடை இலங்கையிலிருந்து வந்தது. ஜெய்னுதீன், மக்கே, ஐசன்பெர்க் ஆகியோர் வளர்ப்பு யானைகளின் மதத்தை நீண்ட நாள் கவனித்து 1972-இல் வெளியிட்டார்கள். அதே ஆண்டு ஜெய்னுதீனும் ரோஜர் ஷார்ட்டும் கட்டோங்கோலேயும் மதக் காலத்தில் களிற்றின் ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் பல மடங்கு ஏறுவதை அளந்து காட்டினார்கள். மதம் இனப்பெருக்கத்தோடு தொடர்புடைய இயல்பான பருவம், நோயல்ல. 1981-இல் ஜாய்ஸ் பூலும் சிந்தியா மாஸும் ஆப்பிரிக்கக் காட்டு யானைகளிலும் அதையே நிறுவினார்கள். முகாம் வழக்கத்தில் இந்த அறிவுக்கு நேரான பயன் உண்டு. மதம் தொடங்கும் அறிகுறி தெரிந்ததும் வேலையிலிருந்து விலக்கி, தீவனத்தைக் குறைத்து, தனியிடத்தில் நிழலும் நீரும் கொடுத்துவிட்டால், அது தானே வடிந்துவிடும். தேவையற்ற மருந்தும் இல்லை, தேவையற்ற அடியும் இல்லை.

தாயை இழந்த குட்டிகளை வளர்ப்பதிலும் மருந்து தோற்ற இடத்தில் உளவறிவு வென்றது. கென்யாவில் டாஃப்னி ஷெல்ட்ரிக் பல ஆண்டுகள் பால் கலவைகளை மாற்றி மாற்றிப் பார்த்து, தேங்காய் எண்ணெய் சேர்ந்த கலவை ஒன்று குட்டிக்குச் செரிப்பதைக் கண்டார். அதைக் குடித்து ஆயிஷா என்ற குட்டி தேறி வந்தது. மகளின் திருமணத்துக்காக அவர் சில நாள் வெளியூர் போனதும், அது ஏங்கி, தீனி மறுத்து இறந்தது. அதன்பின் ஒரு குட்டிக்கு ஒருவர் என்ற ஏற்பாட்டை விட்டுவிட்டு, பல பராமரிப்பாளர்கள் முறைவைத்து மாறிவருவதும், இரவிலும் ஒருவர் கொட்டடியில் குட்டியோடு படுப்பதும் அங்கே விதியாயின. பால் எவ்வளவு அவசியமோ அவ்வளவு அவசியம் குடும்பம் என்பது அங்கே சிகிச்சையின் பகுதியானது.

மயக்க மருந்து ஊசியும் நடத்தை அறிவு இல்லாமல் ஆபத்தே. மிரண்ட யானைக்கு மருந்து சரியாகப் பிடிக்காது. அரைமயக்கத்தில் அது நீரை நாடிப் போகக்கூடும் என்பதால் குளம் குட்டைக்கு அருகில் சுடக் கூடாது. நெஞ்சு தரையில் படக் குப்புற விழுந்தால் அதன் எடையே மூச்சை அடைத்துவிடும். உடனே பக்கவாட்டில் சாய்க்க வேண்டும். விழுந்த யானையைச் சுற்றி அதன் யானைக் கூட்டம் நிற்கும். அதைத் தள்ளிப் போகச் செய்த பிறகே மருத்துவர் இறங்க முடியும்.

மருத்துவத்துக்கு மிகப் பெரிய கொடையாக வந்தது ஒத்துழைப்புப் பயிற்சி. உளவியலாளர் ஸ்கின்னர் 1938-இல் வெளியிட்ட கற்றல் கோட்பாட்டிலிருந்து கிளைத்து, கடல் பாலூட்டிகளிடம் பலித்த முறை இது. 1991-இல் சான் டியாகோவில் ஒரு பராமரிப்பாளர் யானையால் உயிரிழந்ததைத் தொடர்ந்து, யானைக்கும் மனிதனுக்கும் நடுவே கம்பித் தடுப்பு வைத்துப் பழக்கும் ஏற்பாடு அங்கே வேரூன்றியது. அங்குசம் இல்லை, அடி இல்லை. விருப்பமில்லையென்றால் யானை விலகிப் போகலாம். நுனியில் உருண்டை வைத்த கழி ஒன்றைப் பயிற்சியாளர் காட்டுவார். யானை நெற்றியாலோ காலாலோ அதைத் தொட்டதும் விசில். உடனே ஒரு துண்டுப் பழம். பிறகு கழி கொஞ்சம் தள்ளிப் போகும். சில வாரங்களில் யானை தானாக வந்து காலைத் தூக்கிக் கம்பியிடைத் திட்டில் வைக்கும். நகம் சீவும்வரை அப்படியே நிற்கும். காதை நீட்டும், மருத்துவர் முதலில் விரலால் தொடுவார், மறுநாள் ஈரப் பஞ்சால் துடைப்பார், அதற்கடுத்து மழுங்கிய குச்சியால் அழுத்துவார். ஊசி நுழையும் நாளில் யானைக்கு அது இன்னொரு தொடுகைதான்.

இந்தப் பொறுமையின் பலன்கள் வியக்கத்தக்கவை. தொடர்ந்து ரத்தம் எடுக்க முடிந்ததால், பிடியின் சினைச் சுழற்சியில் எல்எச் ஹார்மோன் ஏறக்குறைய மூன்று வாரம் இடைவெளிவிட்டு இரு முறை உயர்வதும், இரண்டாவது ஏற்றத்தில்தான் முட்டை வெளிப்படுவதும் 1990-களில் தெரியவந்தன. முதல் ஏற்றத்தை வைத்து நாள் குறித்து, மயக்காமல் நின்ற நிலையிலேயே அல்ட்ராசவுண்ட் பார்த்துச் செயற்கைக் கருவூட்டல் செய்தார்கள். அப்படிக் கருவுற்ற முதல் ஆசியக் குட்டி, அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் டிக்கர்சன் பூங்காவில் 1999 நவம்பரில் பிறந்தது.

குட்டிகளைக் கொல்லும் ஹெர்பிஸ் வைரஸ் விஷயத்தில் பயிற்சியே உயிர்க்காப்பு. 1995-இல் வாஷிங்டன் தேசிய உயிரியல் பூங்காவில் குமாரி என்ற 16 மாதக் குட்டி திடீரென இறந்தது. அந்தச் சாவைத் துருவி, 1999-இல் இந்த வைரஸை அடையாளம் கண்டார்கள். குட்டி சோர்ந்து, நாக்கு நீலம் பாரிக்கும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். ஓரிரு நாளில் சாவு. ஆனால் அறிகுறிகளுக்குச் சில நாள் முன்பே வைரஸ் ரத்தத்தில் தெரியும். காதை நீட்டப் பழகிய குட்டியிடம் வாரந்தோறும் ரத்தம் எடுத்துப் பார்த்தால் அந்தச் சில நாட்கள் கைக்குக் கிடைக்கும். கேரளம், கர்நாடகம், தமிழ்நாட்டுக் காடுகளிலும் முகாம்களிலும் இதே வைரஸால் குட்டிகள் இறந்ததை அருண் சக்கரியா குழுவினர் 2013-இல் ஆவணப்படுத்தினார்கள்.

கட்டிவைத்த யானை இடமும் வலமுமாக அசைந்துகொண்டே நிற்பதைப் பார்த்து, அது மகிழ்ந்து ஆடுவதாகப் பலர் எண்ணுகிறார்கள். மருத்துவர் கண்ணுக்கு அது மன அழுத்தத்தின் தடயம். வட அமெரிக்கப் பூங்காக்களில் நடத்தி 2016-இல் வெளியிட்ட விரிவான ஆய்வுத் தொகுப்பில், யானை தனித்து அடைக்கப்படும் நேரம் கூடக்கூட இந்த அசைவும் கூடியது. மென்மையான தரை கிடைத்தவை அதிக நேரம் படுத்து உறங்கின. ஆசிய யானைகள் நாளுக்குச் சராசரி 3.2 மணி நேரம், ஆப்பிரிக்க யானைகள் 2.1 மணி நேரம் படுத்தன. கெட்டித் தரையில் நெடுநேரம் நின்றவற்றுக்குக் கால் நோய் அதிகம். கருங்கல் மண்டபத்திலும் சிமென்ட் தரையிலும் ஆண்டுக்கணக்கில் நிற்கும் கோயில் யானைகளுக்கு நகவெடிப்பும் பாதப்புண்ணும் ஏன் ஆறுவதில்லை என்பதற்கான விடை மருந்துப் பெட்டியில் இல்லை. 2003-இல் முதுமலையில் தொடங்கிய கோயில் யானைகள் நலவாழ்வு முகாம், மண் தரையையும் நடையையும் ஆற்றுக் குளியலையும் மற்ற யானைகளின் துணையையும் சில வாரங்களுக்காவது அவற்றுக்குத் தந்தது. அந்தச் சில வாரங்கள் போதுமா என்று கேட்பது நியாயமே. ஆண்டு முழுதும் கிடைக்க வேண்டியவை அவை.

யானையின் மனநிலையை இப்போது லத்தியிலிருந்தே அளக்க முடிகிறது. அழுத்தத்தில் சுரக்கும் கார்ட்டிசாலின் சிதைபொருள்கள் அதில் வெளியேறுகின்றன. ஐதராபாத் உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மைய ஆய்வாளர்கள் 2019-இல் வெளியிட்ட முடிவின்படி, ஊர்வலத்திலும் சமயச் சடங்குகளிலும் ஈடுபடுத்தப்பட்ட யானைகளிடம் இந்த அளவு கூடியிருந்தது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தினர் முதுமலை, பந்திப்பூர்க் காட்டு யானைகளிடம் இதே சோதனையைச் செய்து 2017-இல் வெளியிட்டார்கள். உடல் இளைப்பைக் கண்ணால் மதிப்பிட்டு, லத்தியின் அளவோடு ஒப்பிட்டபோது, கோடையில் மேய்ச்சல் வற்றி எலும்பு தெரிய மெலிந்தவற்றிடம் அழுத்த ஹார்மோன் உயர்ந்திருந்தது. ஊசியும் மயக்க மருந்தும் இல்லாமல், யானை போன தடத்தைப் பின்தொடர்ந்து மாதிரி எடுத்தால் போதும் என்பதால், நெருங்க முடியாத காட்டு யானையின் நலமும் இதன்மூலம் மருத்துவரின் கணக்குக்குள் வந்திருக்கிறது.